போகாமல் நின்றால் விலகியதாகுமா?

குழு: நம் வீடு
வெள்ளிக்கிழமை

திவ்யா, மாலை 7:12
ஒரு விஷயம் கேட்க வேண்டும். யாரும் திட்டாமல் பதில் சொல்லுங்கள்.

அம்மா, 7:13
என்னடி?

கார்த்திக், 7:13
ஆரம்பமே சரியில்லையே.

திவ்யா, 7:16
ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வகுப்புக்கு நான் மூன்று வாரமாகப் போகவில்லை. முதல் தேர்வில் கேவலமான மார்க். சரி, அடுத்த வருடம் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். இப்போது போர்ட்டலில் பார்த்தால் என் பெயர் இன்னும் அந்த வகுப்பில்தான் இருக்கிறது. போகாவிட்டால் அவர்களே எடுத்துவிட மாட்டார்களா?

அப்பா, 7:17
மூன்று வாரமா?

அம்மா, 7:17
தினமும் போனில் பேசுகிறாய். இதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

மல்லிகா அத்தை, 7:20
தம்பி, திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள். திவ்யா, உங்கள் கல்வி நாட்காட்டியில் ‘வித்ட்ரா செய்யக் கடைசி நாள்’ என்று ஒரு தேதி போட்டிருக்கும். அது என்றைக்கு?

திவ்யா, 7:25
இன்று, அத்தை. இரவு 11:59.

கார்த்திக், 7:25
அடிப்பாவி.

மல்லிகா அத்தை, 7:29
இன்றைக்காவது கேட்டாயே. பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்தில் 22 வருடம் இருந்தேன். ஒவ்வொரு முறையும் ரிசல்ட் வந்த மறுநாள் கவுன்ட்டரில் நாலு பேராவது வந்து நிற்பார்கள். “நான் வகுப்புக்கே வரவில்லையே, எனக்கு எப்படி எஃப் போட்டீர்கள்?” என்பார்கள். எஃப் என்றால் ஃபெயில். வராதது ஆசிரியருக்குத் தெரியும், பதிவேட்டுக்குத் தெரியாது. நீ அந்தப் பாடத்தில் பதிவு செய்தாய் என்பது மட்டும்தான் அதில் இருக்கும். நீயாக விலகாதவரை நீ அந்த வகுப்பு மாணவி. பரீட்சை எழுதாத மாணவிக்கு என்ன வருமோ அதுதான் உனக்கும் வரும்.

மல்லிகா அத்தை, 7:30
சில இடங்களில் முதல் வாரம் தலைகாட்டாதவர்களை அவர்களே நீக்கிவிடுவார்கள். போய்விட்டு நடுவில் நின்றவளுக்கு அது பொருந்தாது.

அப்பா, 7:31
நாளைக் காலையில் நான் பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்து பேசுகிறேன்.

மல்லிகா அத்தை, 7:33
நாளைக்குக் கெடு முடிந்திருக்கும். அதோடு உன்னிடம் அவர்கள் பேசவே மாட்டார்கள்.

அப்பா, 7:33
ஃபீஸ் கட்டுவது நான் அக்கா.

மல்லிகா அத்தை, 7:36
கட்டுவது நீ, பதிவு அவளுடையது. அமெரிக்காவில் 1974-லேயே இதற்கென்று ஃபெர்பா என்ற சட்டம் வந்துவிட்டது. பிள்ளைக்கு 18 வயதானாலோ, அதற்கு முன்பே கல்லூரியில் சேர்ந்தாலோ, பதிவுகள் மேல் பெற்றோருக்கு இருந்த உரிமை பிள்ளைக்கு மாறிவிடும். ஐரோப்பாவில் 2018 மே மாதத்திலிருந்து ஜிடிபிஆர் என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வேறு இடங்களிலும் மாணவர் எழுதிக் கொடுக்காமல் மார்க் விவரத்தைச் சாதாரணமாக வெளியே சொல்ல மாட்டார்கள். எத்தனை அப்பாக்களிடம் போனில் மன்னிப்புக் கேட்டிருப்பேன் தெரியுமா? ஒருவர், மகன் அங்கே படிக்கிறானா இல்லையா என்றாவது சொல்லுங்கள் என்று கெஞ்சினார். பாவமாக இருந்தது. சொல்லவில்லை.

கார்த்திக், 7:37
அருமையான சட்டம். எனக்கு முன்பே தெரியாமல் போய்விட்டது.

அப்பா, 7:37
நீ சும்மா இரு.

திவ்யா, 7:41
அத்தை, இப்போது விலகினால் டிரான்ஸ்கிரிப்டில், அதான் மொத்த மார்க் பட்டியலில், ‘டபிள்யூ’ என்று வருமாம். அது கடைசிவரை இருக்குமாமே. அதற்கு மிச்சமிருக்கும் ஐந்து வாரம் உட்கார்ந்து படித்துவிடலாமா? முதல் இரண்டு வாரத்துக்குள் விட்டிருந்தால் ஒன்றுமே தெரியாது என்று தோழி சொல்கிறாள்.

மல்லிகா அத்தை, 7:46
உன் தோழி சொல்வது சரி. ஆரம்பத்தில் விட்டால் அது டிராப், தடமே இருக்காது. அந்தக் காலம் போனபின் விட்டால் வித்ட்ரா, ‘டபிள்யூ’ நிற்கும். ஆனால் அது கிரேடு இல்லை, ஜிபிஏ என்கிற கிரேடு சராசரிக் கணக்கில் சேராது. எஃப் சேரும். கார்த்திக், நீதான் கணக்குப் புலி. அவளுக்குப் போட்டுக் காட்டு.

கார்த்திக், 7:48
மற்ற பாடமெல்லாம் எப்படிப் போகிறது?

திவ்யா, 7:49
மற்ற நாலும் நன்றாகத்தான் போகிறது. சராசரி 3.5 வரும். எல்லாமே 3 கிரெடிட். இதற்கு முன் 30 கிரெடிட் முடித்திருக்கிறேன், அதில் 3.4.

கார்த்திக், 7:55
கிரேடைக் கிரெடிட்டால், அதாவது பாடத்தின் எடையால், பெருக்கினால் புள்ளி. நாலு பாடத்துக்கு 12 கிரெடிட், 3.5 வீதம் 42 புள்ளி. டபிள்யூ என்றால் இந்தப் பருவம் அந்த 42-ஐ 12-ஆல் வகுக்க வேண்டும், 3.5. எஃப் என்றால் அதே 42-ஐ 15-ஆல், 2.8. மொத்தமாகப் பார்த்தால், பழைய 30 கிரெடிட்டின் 102 புள்ளியும் சேர்த்து, 144-ஐ 42-ஆல் வகுத்து 3.43, இல்லையென்றால் 45-ஆல் வகுத்து 3.2. வாங்காத மார்க்குக்குக் கீழே மட்டும் 3 கூடுகிறது பார். அதுதான் இழுக்கிறது.

திவ்யா, 7:56
ஸ்காலர்ஷிப்புக்கு ஒவ்வொரு பருவமும் 3.0 வேண்டும்.

அம்மா, 7:57
முருகா.

அம்மா, 7:59
அண்ணி, கொஞ்சம் அவகாசம் கொடுங்கள் என்று கேட்க முடியாதா? இன்கம்ப்ளீட் என்று ஒன்று உண்டே.

மல்லிகா அத்தை, 8:02
உண்டு. பாடத்தைப் பெரும்பாலும் முடித்துவிட்டு, கடைசியில் உடம்பு சரியில்லாமல் போய் ஒரு பரீட்சையோ ஒரு கட்டுரையோ நின்றுபோனவர்களுக்கு. ஆசிரியர் ஒத்துக்கொள்ள வேண்டும். சொன்ன தேதிக்குள் முடிக்காவிட்டால் பல இடங்களில் அது தானாகவே எஃப் ஆகிவிடும். இவள் பாதியைக்கூட முடிக்கவில்லை, கேட்டாலும் தர மாட்டார்கள். அதைத் தேடி மணியை வீணாக்க வேண்டாம்.

மல்லிகா அத்தை, 8:03
படித்துத் தேறிவிடுவாய் என்று உனக்கே நம்பிக்கை இருந்தால் இரு. இல்லாவிட்டால் விலகு. ஒரே ஒரு டபிள்யூவைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை. நாலைந்து வரிசையாக நின்றால்தான் கேள்வி வரும். எஃப் வாங்கிய பாடத்தைத் திரும்ப எடுத்து நல்ல மார்க் வாங்கினாலும், அநேகமாகப் பழைய வரி டிரான்ஸ்கிரிப்டில் அப்படியே இருக்கும்.

தாத்தா, 8:05
[ரோஜாப் பூப் படம்] அனைவருக்கும் இனிய இரவு வணக்கம்.

கார்த்திக், 8:05
வணக்கம் தாத்தா.

திவ்யா, 8:06
சரி, விலகிவிடுகிறேன். பட்டனை அழுத்தட்டுமா?

மல்லிகா அத்தை, 8:07
பொறு. 15 கிரெடிட்டில் 3 போனால் 12. முழுநேர மாணவி என்பதற்கு உங்கள் இடத்தில் குறைந்தது எவ்வளவு? அதற்குக் கீழே போனால் ஸ்காலர்ஷிப், விடுதி, வெளிநாட்டு மாணவர் என்றால் விசா, எல்லாம் ஆடும். மார்க்கைக் காப்பாற்றப் போய் இதில் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்காலர்ஷிப் கடிதத்தை எடுத்துப் படி. யாரோ சொன்னதை நம்பாதே, நான் சொல்வதையும் சேர்த்துத்தான்.

திவ்யா, 8:15
12 இருந்தால் போதும் என்று இருக்கிறது. சரியாக விளிம்பில் நிற்கிறேன்.

அப்பா, 8:16
அந்தப் பாடத்துக்குக் கட்டிய பணம் திரும்ப வருமா?

மல்லிகா அத்தை, 8:17
இத்தனை வாரம் ஆனபின் வராது தம்பி.

திவ்யா, 8:24
ஐயோ. அழுத்தினால் ‘உங்கள் கணக்கில் ஹோல்ட் உள்ளது’ என்று வருகிறது. உள்ளேயே விடவில்லை.

மல்லிகா அத்தை, 8:25
பதறாதே. ஹோல்ட் என்றால் ஏதோ பாக்கிக்காகக் கணக்கை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். போட்டது யார் என்று அதன் கீழேயே இருக்கும்.

திவ்யா, 8:27
நூலகம். திருப்பிக் கொடுக்காத புத்தகத்துக்கு ஃபைன்.

கார்த்திக், 8:27
எந்தப் புத்தகம்?

திவ்யா, 8:28
ஸ்டாட்டிஸ்டிக்ஸ் புத்தகம்தான்.

கார்த்திக், 8:28
படிக்கவாவது செய்தாயா?

அப்பா, 8:29
பணம் அனுப்பியிருக்கிறேன். இப்போதே கட்டு.

திவ்யா, 8:51
கட்டினேன், ஹோல்ட் போய்விட்டது. விண்ணப்பமும் போய்விட்டது. ஆனால் ‘அட்வைசர் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது’ என்று நிற்கிறது. வெள்ளிக்கிழமை ராத்திரி அவர் எங்கே பார்க்கப் போகிறார்?

மல்லிகா அத்தை, 8:54
மாணவர் கையேட்டில் வித்ட்ரா பகுதியைத் திற. எந்த நேரத்தைக் கணக்கில் எடுப்பார்கள், நீ சமர்ப்பித்த நேரமா, அவர் ஒப்புதல் தந்த நேரமா? இடத்துக்கு இடம் மாறும். உங்கள் விதியில் உள்ள வரியை அப்படியே இங்கே போடு.

திவ்யா, 9:06
“விண்ணப்பம் சமர்ப்பிக்கப்பட்ட நாளும் நேரமுமே விலகல் தேதியாகக் கொள்ளப்படும்.”

மல்லிகா அத்தை, 9:07
அப்பாடா. நேரம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. அட்வைசருக்கு இப்போதே நாலு வரி மெயில் போடு. பாடக் குறியீடு, விண்ணப்ப எண், சமர்ப்பித்த நேரம் மூன்றும் இருக்கட்டும். பதிவாளர் அலுவலகத்துக்கும் ஒரு நகல். பல்கலைக்கழக மெயிலிலிருந்தே அனுப்பு, உன் சொந்த மெயிலில் அனுப்பினால் நீதான் எழுதினாய் என்று எப்படித் தெரியும்? சோகக் கதையெல்லாம் வேண்டாம்.

கார்த்திக், 9:12
ஸ்கிரீன்ஷாட் என்றதும் என் கதை ஞாபகம் வருகிறது. மேற்படிப்புக்கு டிரான்ஸ்கிரிப்ட் கேட்டபோது உறையில் போட்டு, ஒட்டின இடத்தில் முத்திரை குத்திக் கொடுத்தார்கள். மார்க் சரியாக இருக்கிறதா என்று வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தேன்.

மல்லிகா அத்தை, 9:13
பிரித்தால் செல்லாது என்று உறை மேலேயே அச்சடித்திருக்குமே.

கார்த்திக், 9:14
பிரித்தபிறகுதான் படித்தேன். மறுபடி விண்ணப்பித்து வாங்க மூன்று வாரம் ஆயிற்று.

மல்லிகா அத்தை, 9:16
இப்போது டிஜிட்டல் கையொப்பத்தோடு பிடிஎஃப் வருகிறது. அதையும் அச்சடித்து, ஸ்கேன் செய்து அனுப்புகிறார்கள். அப்படிச் செய்தால் கையொப்பத்தைச் சரிபார்க்க வழியே இல்லை, வெறும் படம்தான் மிச்சம். காலம் மாறினாலும் உறையைப் பிரிக்கிற புத்தி போகவில்லை.

திவ்யா, 9:31
மெயில் அனுப்பிவிட்டேன். நன்றி அத்தை.

அம்மா, 9:32
சாப்பிட்டாயா?

திங்கட்கிழமை

திவ்யா, காலை 10:40
ஒப்புதல் வந்துவிட்டது. விலகல் தேதி வெள்ளிக்கிழமை என்றே போட்டிருக்கிறார்கள்.

மல்லிகா அத்தை, 10:42
மெயிலை விடு. போர்ட்டலுக்குள் போய் அந்தப் பாடத்துக்கு நேரே என்ன இருக்கிறது என்று பார்.

திவ்யா, 10:45
டபிள்யூ.

மல்லிகா அத்தை, 10:45
நல்லது.

அப்பா, 10:46
அக்கா, இப்போது திட்டலாமா?

மல்லிகா அத்தை, 10:47
தாராளமாக.