புதுப்பிப்பு: ரீப்பர்தான், ஆனால் கோளாறு பஃபரில்

"பழைய லேப்டாப்பில் குரலும் கீபோர்டும் பதிவு செய்ய எந்த மென்பொருள்?" என்ற முந்தைய இழைக்குத் தொடர்ச்சி. முடிவு: ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள். 60 நாள் முழுதாகச் சோதிக்கலாம். பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர். வெட்டி ஒட்ட மட்டும்தான் என்றால் இலவச ஆடாசிட்டியே தாராளம். கராஜ்பேண்டை விண்டோஸ்காரர்கள் மறந்துவிடலாம், அது ஆப்பிளுக்கு மட்டும்.

ஹெட்போனில் குரல் பிந்திக் கேட்டதற்கு மென்பொருள் காரணமில்லை, பஃபர்தான் (கணினி ஒலியைக் கையாளும் முன் சேர்த்துவைக்கும் சிறு தொகுப்பு). 48,000 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலித்துணுக்கு) என்ற வேகத்தில், பஃபரை 1024 சாம்பிள் வைத்தால் ஒரு வழிக்கே 21 மில்லிசெகண்ட் தாமதம். 128 என்றால் 3-க்கும் கீழே. ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) உரிய ஏசியோ டிரைவரை (விண்டோஸில் தாமதத்தைக் குறைக்கும் டிரைவர்) போட்டு, பாடும்போது 128, மிக்ஸிங்கில் 1024 வையுங்கள். ஒலி படபடவென்று வெடித்தால் பஃபரை 256 ஆக்குங்கள். வேலூர் மே மாத மதியத்தில் லேப்டாப் சூடேறி வேகம் குறைந்தாலும் இதே வெடிப்புதான்; அப்போது கனமான டிராக்குகளை ஃப்ரீஸ் செய்யுங்கள் (எஃபெக்டுகளோடு சேர்த்துத் தற்காலிக ஒலிக்கோப்பாக மாற்றுவது).

பதிவு 24 பிட்டில், குரலின் உச்சம் மைனஸ் 12 டெசிபலில் இருக்கட்டும். வேர்த்தாலும் ஃபேனை நிறுத்தியே பாடுங்கள்: 80 ஹெர்ட்ஸ் ஹை-பாஸ் ஃபில்டர் (அதற்குக் கீழான தாழ்ந்த ஒலிகளைக் குறைப்பது) உறுமலைக் குறைக்கும், காற்றிரைச்சலைத் தொடாது. காட்பாடிப் பக்கம் ரயில் ஹாரன் விழுந்தால் ப்ளக்-இன் தேடாதீர்கள், அந்த வரியைத் திரும்பப் பாட வேண்டியதுதான்.