கொடைக்கானல் நாயுடுபுரம் மேல் தெரு: கடை கம்ப்யூட்டர் பேச்சு

செல்வி (ஜெராக்ஸ் கடை): நேற்று ராத்திரி காற்றில் கரண்ட் போனதும் கடை யூபிஎஸ் ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. கணக்கு போட்டுக்கொண்டிருக்கும்போதே எல்லாம் அணைந்துவிட்டது. பேட்டரி இங்கேயே கிடைக்குமா, வத்தலக்குண்டுக்கு இறங்கணுமா?

தாமஸ் சார்: எங்களுக்கு கரண்ட் இப்போதுதான் வந்தது. கீழே இன்னும் மரம் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பிரபு: பேட்டரி இங்கேயே கிடைக்கும் அக்கா. வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு? அதில் என்னென்ன மாட்டியிருக்கீங்க?

செல்வி: நாலு வருஷம் இருக்கும். கம்ப்யூட்டர், மானிட்டர், மோடம், லேசர் பிரிண்டர்.

பிரபு: பிரிண்டரை இன்றைக்கே கழற்றிச் சுவர் பிளக்கில் போடுங்க. மைத்தூளைத் தாளில் உருக்கி ஒட்ட உள்ளே ஹீட்டர் இருக்கிறது, சூடேறும்போது பல நூறு வாட் இழுக்கும். உங்களுடைய 600 விஏ யூபிஎஸ் 360 வாட் அளவில்தான் தரும். சின்ன சீல்டு பேட்டரிக்கு ஆயுளும் மூன்றிலிருந்து ஐந்து வருஷம்தான், குளிரில் அது தாங்குகிற நேரமும் குறையும். மாற்றிவிடலாம்.

புதுசு போட்டாலும் சில நிமிஷக் கணக்குதான். சேவ் செய்து ஒழுங்காக அணைக்கத்தான் அந்த நேரம், வேலையைத் தொடர இல்லை.

தாமஸ் சார்: 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது நாள் கணக்கில் கரண்ட் இல்லை. அதற்கு எந்த யூபிஎஸ் தாங்கும்?

செல்வி: கரண்ட் போனாலும் கணக்கு போகாதே? கம்ப்யூட்டரில்தான் டிஸ்க் ரெண்டு போட்டிருக்கே தம்பி. ஒன்று போனாலும் இன்னொன்றில் இருக்கும் என்றுதானே போட்டது.

பிரபு: ஒரு டிஸ்க் செத்தால் இன்னொன்று காப்பாற்றும், உண்மைதான். ஆனால் அது ரெய்டு 1 என்கிற இரட்டைப் பதிவு முறை. ஒன்றில் எழுதுவது அதே நொடியில் மற்றதிலும் எழுதப்படும். ஒரு ஃபைலை அழித்தால் ரெண்டிலும் போகும். வைரஸ் வந்து ஃபைல்களைப் பூட்டினால் ரெண்டிலும் பூட்டும். இடி இறங்கினாலும், கடைக்குள் தண்ணீர் வந்தாலும் ரெண்டும் ஒரே பெட்டியில்தான் அக்கா இருக்கு.

முருகன்: அக்கா, பூண்டு விவசாயிகள் கணக்கு மொத்தமும் உங்க கம்ப்யூட்டரில்தானே இருக்கு? போன சீசன் பாக்கியும் அதில்தான்.

செல்வி: அதேதான் அண்ணே. கேட்கவே வயிற்றைக் கலக்குது. என்ன செய்யணும் பிரபு?

பிரபு: வெளியே மாட்டுகிற ஹார்டு டிஸ்க் ரெண்டு வாங்குங்க. வாரம் ஒன்றில் மாற்றி மாற்றி காப்பி எடுங்க. எடுத்ததும் கழற்றிவிடணும், மாட்டியே இருந்தால் வைரஸ் அதையும் தொடும். ஒன்று வீட்டில் இருக்கட்டும், இன்னொன்று மலைக்குக் கீழே. ஆதார் நகலெல்லாம் வைத்திருக்கீங்க, அதனால் ரெண்டுக்கும் பாஸ்வேர்டு கட்டாயம். பாஸ்வேர்டைத் தாளில் எழுதி டிஸ்க்கோடு வைக்காதீங்க.

செல்வி: தங்கச்சி வத்தலக்குண்டில்தானே இருக்கிறாள். அவளிடம் ஒன்று கொடுத்து வைக்கிறேன். கூகுள் டிரைவில் போட்டால் போதாதா?

பிரபு: கணக்கு ஃபோல்டரை அங்கேயும் போடுங்க, நல்லதுதான். ஆனால் கம்ப்யூட்டரோடு இணைத்து வைத்தால் இங்கே அழித்தது அங்கேயும் அழியும், குப்பைத் தொட்டியில் 30 நாள்தான் இருக்கும். அதை மட்டும் நம்ப வேண்டாம்.

இன்னொன்று. காப்பி எடுத்த டிஸ்க்கை முருகன் அண்ணன் லேப்டாப்பில் மாட்டி, ஏதாவது ஒரு ஃபைலைத் திறந்து பாருங்க. அதைப் பார்க்காமல் கீழே அனுப்பாதீங்க.

*மறுநாள்*

முருகன்: டிஸ்க் மாட்டினோம். ஃபைல் திறக்குது தம்பி, எண்ணெல்லாம் சரி. ஆனால் பேர் இருக்கிற இடத்தில் எல்லாம் ஏதோ இங்கிலீஷ் எழுத்தா இருக்கு. கெட்டுப்போச்சா?

பிரபு: கெடவில்லை அண்ணே, பயப்படாதீங்க. அக்கா பழைய பாமினி எழுத்துருவில் அடித்திருப்பாங்க. உங்க லேப்டாப்பில் அது இல்லாததால்தான் இங்கிலீஷ் எழுத்தாகத் தெரியுது. அக்கா, கடை கம்ப்யூட்டரில் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கிற தமிழ் எழுத்துரு அத்தனையும் அந்த டிஸ்க்கில் சேருங்க. பிரிண்டர் சாஃப்ட்வேரும் சேரட்டும். கடை கம்ப்யூட்டரே போனாலும் வேறொன்றில் அன்றைக்கே உட்காரலாம்.

செல்வி: சேர்த்துவிட்டேன், அண்ணன் லேப்டாப்பிலும் அந்த எழுத்துருவைப் போட்டாச்சு. இப்போது அண்ணன் லேப்டாப்பில் பேரெல்லாம் தமிழில் வருது. பாக்கிப் பட்டியலும் சரியா இருக்கு.

முருகன்: வியாழன் காலை அஞ்சரைக்கு கேரட் லோடு மலைக்குக் கீழே போகுது அக்கா. டிஸ்க்கைப் புதன் ராத்திரியே கொடுத்துவிடுங்க, தங்கச்சி வீட்டில் நானே சேர்த்துவிடுகிறேன்.