பக்கங்கட்டி: பேஜ் லேஅவுட் மென்பொருளுக்கு அச்சகத்திலிருந்து ஒரு சொல்

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

வேர்ட் புரொசஸருக்குச் ‘சொற்செயலி’ இருக்கிறது, படத்தையும் எழுத்தையும் வைத்துப் பக்கம் பக்கமாக நூலை அமைக்கும் பேஜ் லேஅவுட் மென்பொருளுக்கு என்ன சொல்வது என்று கண்டித் தம்பி கேட்டிருந்தார். இதுவரை மூன்று விடைகள் வந்திருக்கின்றன. சென்னை ஐயா ‘பக்க வடிவமைப்பு மென்பொருள்’ என்றார். யாழ்ப்பாணத்து அக்கா ‘அச்சுக்கோப்பு’ என்ற பழைய சொல்லை ஒட்டிப் ‘பக்கக்கோப்பு’ என்றார். தம்பி ‘மேசைப் பதிப்பு’ (டெஸ்க்டாப் பப்ளிஷிங்) என்பதை முன்வைத்தார். மூன்றையும் என்னால் ஏற்க முடியவில்லை. காரணத்தைச் சொல்லி, நான்காவதாக ஒரு சொல்லை வைக்கவே இந்த மடல். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல்லுக்கு முன் வேலையைப் பற்றிப் பேசிவிடுகிறேன். இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். அம்மாவும் அவருடைய தோழிகளும் நிரை பிடித்துக் கொழுந்து பறிக்கும்போது பாடிய பாட்டுகளை எழுதி வைத்திருந்தேன். அவற்றை ஒரு சிறு நூலாக வீட்டிலேயே ஆக்க வேண்டும் என்று உட்கார்ந்தேன். நாற்பத்தெட்டுப் பக்கம், பதினான்கு படங்கள். முதுகில் கம்பி அடிக்கும் நூல் என்பதால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். ஆகவே ஒரு பக்கம்கூட முன்பின் ஆகக் கூடாது. கணனியில் லிப்ரே ஆபிஸின் ரைட்டர் இருந்தது. அதிலேயே தட்டச்சு செய்தேன்.

ஐந்தாம் பாட்டில் விடுபட்ட ஒரே ஓர் அடியைச் சேர்த்தேன். இருபதாம் பக்கத்துப் படம் இருபத்தோராம் பக்கத்துக்குப் போய்விட்டது. படத்தைப் பிடித்து இழுத்து வைத்தால், அதன் எதிர்ப்பக்கத்தில் இருக்க வேண்டிய பாட்டு இரண்டாகப் பிரிந்தது. மூன்று இரவுகள் இப்படியே போயின. ஒருவழியாகச் சரிசெய்து நகரத்தில் ஓர் அச்சகத்துக்குக் கோப்பை அனுப்பினேன். அவர்களிடம் என் எழுத்துரு இல்லை, வேறொன்றில் திறந்தார்கள். அடிகள் நீண்டு, மடங்கி, நாற்பத்தெட்டுப் பக்கம் ஐம்பத்தொன்றாக வந்து நின்றது.

எனக்கு வேலை தெரியவில்லை என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். கருவியைத் தவறாகத் தேர்ந்திருக்கிறேன் என்று பிறகுதான் புரிந்தது. சொற்செயலியில் எழுத்துதான் முதல். அது ஆறுபோல ஓடுகிறது. நிறைந்த இடத்தில் ஒரு பக்கம் முடிகிறது. மேலே ஒரு சொல் கூடினால் கீழே எல்லாம் நகரும். நகர வேண்டும், கடிதத்துக்கும் கூட்ட அறிக்கைக்கும் கதைக்கும் அதுதான் வசதி. பேஜ் லேஅவுட் மென்பொருளில் பக்கம்தான் முதல். வெற்றுப் பக்கத்தில் நான் ஒரு கட்டத்தை வரைகிறேன், படத்தை வைக்கிறேன், அதன் பின்தான் எழுத்து அந்தக் கட்டத்துக்குள் வருகிறது. மிஞ்சினால் உள்ளே அடங்காமல் நிற்குமே ஒழிய, பக்கத்தை அசைக்காது.

இந்த வேறுபாட்டைப் பெயரே சொல்லிவிட்டால், வீட்டில் தனியாக உட்கார்ந்து மென்பொருளைத் தேர்கிறவருக்குப் பாதி வழி தெரிந்துவிடும். அந்தக் கண்ணோடுதான் மூன்று சொற்களையும் பார்க்கிறேன்.

‘பக்க வடிவமைப்பு’ தவறான மொழிபெயர்ப்பு அல்ல, ஐயா. ஆனால் அந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. வேர்டின் 2007ஆம் ஆண்டுப் பதிப்பிலும் அதன்பின் வந்த சிலவற்றிலும் பேஜ் லேஅவுட் என்ற பெயரிலேயே ஒரு பட்டி இருந்தது. ஓர விளிம்பும் தாளின் அளவும் அங்கேதான் மாற்ற வேண்டும். தமிழில் அதைப் பக்க வடிவமைப்பு என்றுதானே சொல்வோம்? அதைப் பார்க்கிறவர், தேடிய கருவி தம் கையிலேயே இருக்கிறது என்று நம்பிவிடுவார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

‘பக்கக்கோப்பு’ எனக்கும் மிகப் பிடித்தது. அச்சுக்கோப்பவர்களின் உழைப்பு அதில் இருக்கிறது. ஆனால் கோப்பு என்றதும் இன்று ஃபைல்தான் நினைவுக்கு வருகிறது. இலங்கை அலுவலகங்களில் ‘கோவை’ என்பதும் ஃபைல்தான் என்பதால், அக்கா மாற்றாகச் சொன்ன ‘பக்கக்கோவை’யும் உதவாது. கருவியாக்கிப் ‘பக்கக்கோப்பி’ என்றால், தேயிலைக்கு முன் இந்த மலைகளில் விளைந்த கோப்பியைத்தான் எங்கள் ஊரில் நினைப்பார்கள். ‘மேசைப் பதிப்பு’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது மொத்தத் தொழிலுக்கான பெயர். எழுதுவது, பக்கம் அமைப்பது, அச்சிடுவது எல்லாம் அதற்குள் அடங்கும். ஒரு வகை மென்பொருளை மட்டும் அது குறிக்காது.

நான் வைக்கும் சொல் ‘பக்கங்கட்டி’. வினை: பக்கம் கட்டுதல். செய்பவர்: பக்கங்கட்டுநர்.

இது நானாகப் புனைந்தது அல்ல. என் அப்பா இளமையில் ஓர் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்தவர். கோத்து முடித்த வரிகளைத் தட்டில் அடுக்கி, தலைப்பும் பக்க எண்ணும் சேர்த்து, சுற்றிலும் நூலால் இறுக்கிக் கட்டுவார். கட்டாமல் தூக்கினால் ஆயிரம் எழுத்தும் சரிந்து கொட்டிவிடும். ‘இன்றைக்கு ஆறு பக்கம் கட்டினேன்’ என்று இரவில் அம்மாவிடம் சொல்வார். அவர் சொன்னது உவமை அல்ல. உண்மையாகவே நூலால் கட்டியதைத்தான் சொன்னார். ஆங்கிலத்தாரும் அச்சகத்திடமிருந்துதான் கடன் வாங்கினார்கள். 1985இல் மெக்கின்டாஷ் கணனிக்காக பேஜ்மேக்கர் என்ற பேஜ் லேஅவுட் மென்பொருளை வெளியிட்ட ஆல்டஸ் நிறுவனம், வெனிஸ் நகரத்து அச்சாளர் ஆல்டஸ் மனூட்டியஸின் பெயரைத் தாங்கியது. அதன் திரையில் பக்கத்தைச் சுற்றி இருந்த வெற்றிடத்துக்கு, வெட்டி ஒட்டும் பலகையின் பெயரான ‘பேஸ்ட்போர்டு’ என்பதை வைத்தார்கள். நமக்கும் அச்சகம் இருந்தது. மலையகத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சி அம்மாளும் தோட்டத் தொழிலாளரிடம் சென்றது மேடைப் பேச்சால் மட்டும் அல்ல, அச்சிட்ட தாளாலும்தான். அந்தத் தாள்களையும் யாரோ ஒருவர் பக்கம் கட்டித்தானே அச்சேற்றியிருப்பார்? அந்தக் கையின் சொல்லை ஏன் இழக்க வேண்டும்?

சென்னை ஐயா தனிமடலில் ஒரு மறுப்பு எழுதினார். அவர் அனுமதியோடு இங்கே தருகிறேன்:

> ‘பக்கம்’ என்றால் விலா. ‘கட்டி’ என்றால் வீக்கம். நோயின் பெயர்போல ஒலிக்கிறதே அம்மா?

நியாயமான கேள்வி. இரண்டு நாள் யோசித்தேன். விடை புணர்ச்சியில் இருக்கிறது, ஐயா. பக்கத்தில் வந்த கட்டி என்றால் மகரம் கெட்டு வல்லினம் மிகும்: பக்கக்கட்டி. மரத்தால் ஆன கட்டை மரக்கட்டை ஆவதைப் போல. பக்கத்தைக் கட்டுவது என்றால் மகரம் ஙகரமாகத் திரியும்: பக்கங்கட்டி. மரத்தைக் கொத்துவது மரங்கொத்தி ஆவதைப் போல. மரங்கொத்தியைச் சொல்லும்போது அது ஒரு வினையைச் செய்வது என்று குழந்தைக்கும் தெரிகிறது. அந்த ஒரு ‘ங்’ இரண்டு பொருளையும் பிரித்து நிறுத்துகிறது. ஆகவே யாரும் ‘பக்கக்கட்டி’ என்று எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதை மட்டும் கண்டிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன்.

‘பக்கங்கட்டி’யை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணம், அதை வினையாக்கிப் பேச முடிகிறது. ‘நான் பக்க வடிவமைப்பு மென்பொருளைப் பயன்படுத்தினேன்’ என்று எந்த வீட்டிலும் யாரும் சொல்லப் போவதில்லை. ‘விழா மலருக்குப் பக்கம் கட்டிவிட்டாயா?’ என்று கேட்பார்கள். நம் பாடசாலைகளில் வேர்ட் புரொசஸிங்குக்கு வழங்கும் ‘சொல்முறைவழிப்படுத்தல்’ பிள்ளைகளின் நாவில் ஏறாமலே போனதை வகுப்பறையில் பார்த்தவள் நான். பரீட்சைத் தாளில் எழுதுவார்கள். வெளியே வந்ததும் ‘வேர்ட்’ என்பார்கள். ‘சொற்செயலி’ அதைவிட நன்று. செயலி என்பது இப்போது கையடக்கத் தொலைபேசியின் ஆப்புக்கும் வந்துவிட்டது என்றாலும், அதை அசைக்க நான் விரும்பவில்லை.

அடுத்தது, எழுத்து வந்து அடங்கும் கட்டத்துக்குப் பெயர். ‘சட்டகம்’ என்று பலர் எழுதினீர்கள். படத்துக்கு அது சரி. எழுத்து நிரம்பும் கட்டத்துக்கு நான் ‘பாத்தி’ என்கிறேன். பாத்தியையும் கட்டத்தான் செய்கிறோம்! தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு முன்னால் லீக்ஸ் நடுவதற்கு நீளமும் அகலமும் அளந்து முதலில் பாத்தியைக் கட்டுகிறோம். பயிர் பிறகு வருகிறது. எங்கள் மலையில் மழைநீர் தேங்காதிருக்கப் பாத்தியை மேடாக்குவோம், சமவெளியில் நீர் நிற்பதற்காக வரப்பு எடுப்பார்கள். இரண்டிலும் எல்லைதான் முதல். ஒரு பாத்தியில் நிரம்பிய எழுத்து அடுத்ததற்குப் போகும்படி இணைப்பதை ‘மடை திறத்தல்’ எனலாம். திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் எங்கள் முன்னோர் இங்கே கொண்டுவந்த சொல் அது.

இங்கே ஓர் இடர் உண்டு, மறைக்கவில்லை. நாங்கள் பாராகிராஃபைப் ‘பந்தி’ என்கிறோம், தமிழ்நாட்டில் ‘பத்தி’. செய்தித்தாளின் நெடுவரிசையும் (column) அங்கே ‘பத்தி’தான். ‘பத்தி’யும் ‘பாத்தி’யும் அருகருகே வந்தால் கண் இடறும். எங்களுக்கு நெடுவரிசை ‘நிரல்’ என்பதால் சிக்கல் இல்லை; ஆனால் அங்கே நிரல் என்றால் புரோகிராம். ஒரே கலைச்சொல் பட்டியலை இரு கரைக்கும் வைப்பதென்றால் பந்தியை அவர்கள் ஏற்க வேண்டும், அல்லது பாத்தியை நாங்கள் விட வேண்டும். பந்தி அவர்களுக்கும் அந்நியம் அல்ல. சாப்பாட்டு வரிசையாக இருக்கிறது. நான் பந்திக்காக வாதாடுவேன்.

கண்டித் தம்பி கேட்ட இன்னொரு கேள்வி, வீட்டுக்கு எதை வாங்குவது என்பது. தம்பி, பெரும்பாலான வீட்டு வேலைக்குச் சொற்செயலி போதும். திருமண அழைப்பிதழ், கோயில் மலர், படத்தோடு பாட்டு என்று எதிரெதிர்ப் பக்கங்கள் ஒன்றோடொன்று பேச வேண்டிய இடத்தில்தான் பக்கங்கட்டி வேண்டும். பணம் கொடாமல் கிடைப்பது ஸ்கிரைபஸ். ஆனால் பழைய 1.4 வரிசையை இறக்கிவிடாதீர்கள். ‘கொ’ என்று தட்டினால் கொம்பும் காலும் ககரத்தின் இருபுறமும் சேராமல் எழுத்து உடையும். 1.5.3இல்தான் நம் எழுத்துகளை ஒழுங்காகக் கோக்கும் வசதி வந்தது. 2024இன் தொடக்கத்தில் வந்த 1.6 நிலையான பதிப்பு. அதைத்தான் நான் வைத்திருக்கிறேன். இன்டிசைன் சந்தா கட்டிப் பயன்படுத்துவது. அதிலும் பல மொழி எழுத்துகளைக் கோக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ் குலையும். பப்ளிஷர் ஏற்கெனவே உங்களிடம் இருந்தால் அதை நம்பிப் புதிய வேலை தொடங்க வேண்டாம். 2026 அக்டோபருக்குப் பின் அதற்கு ஆதரவு இல்லை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்துவிட்டது.

எதில் கட்டினாலும் பாட்டுகளை முதலில் சொற்செயலியில் எழுதி, பிழை பார்த்து முடித்துவிட்டு, யுனிகோடில் கொண்டுபோங்கள். என் பழைய கோப்புகள் யுனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் இருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணனியில் அம்மாவின் பாட்டு முழுவதும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தது. அச்சகத்துக்கு எழுத்துரு பதித்த பிடிஎஃப் மட்டும் கொடுங்கள்.

ஒன்றுக்கு மட்டும் எனக்குச் சொல் கிடைக்கவில்லை. பாத்தியில் அடங்காமல் மிஞ்சி, கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் எழுத்து. மூலையில் ஒரு சிறு குறி மட்டும் அது இருப்பதைக் காட்டும். கவனிக்காவிட்டால் பாட்டின் கடைசி அடி அச்சில் காணாமல் போய்விடும். ‘வழிவு’ என்று எழுதிப் பார்த்தேன். வழிந்தது வெளியே தெரியுமே. இது உள்ளே ஒளிந்தல்லவா கிடக்கிறது? யாழ்ப்பாணத்து அக்கா, உங்களுக்கு ஏதேனும் தோன்றுகிறதா? சொல்லைத் தனியாக அனுப்பாமல், அதை வைத்து ஒரு முழு வாக்கியம் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
ஹட்டனிலிருந்து