வந்ததுமே "இவர் சாகப்போறார்"னு தெரியுற குருவை என்ன செய்யலாம்? மிகுபுனைவுத் தொடரில் பாத்திர வகைகள்

சுக்கான் (மண்டபம்):

அஞ்சு பாகமா ஒரு மிகுபுனைவுத் (ஃபேன்டஸி) தொடர். முதல் பாகத்தோட வரைவு முடிஞ்சிருக்கு. 42 அத்தியாயம், 1,10,000 சொல், ஒன்பது பேரோட பார்வையில மாறி மாறிப் போகுது. நாடு கற்பனைதான், சாயல் மட்டும் நம்ம கரை: நீளமா ஒரு மணல் திட்டு, ரெண்டு பக்கமும் ரெண்டு கடல், நுனியில இடிஞ்சுபோன ஒரு துறைமுகம்.

வரைவுல இருக்குற சிக்கல் இது. கிழட்டுக் குரு 6ஆம் அத்தியாயத்துல வர்றார், 15ல சாகுறார், அது 6லயே தெரிஞ்சுபோகுது. நாயகன் தோள்ல மச்சம், அவனைப் பத்தி ஒரு ஆருடம். வடக்குல ஒரு இருட்டு அரசன், ஏன் கெட்டவன்னு அவனுக்கே தெரியாது. உயிர்த்தோழன் மூணாம் பாகத்துல காட்டிக்கொடுக்கப் போறான். மந்திரம் தேவைப்படும்போது வேலை செய்யுது, தேவையில்லாதப்போ காணாமப் போகுது.

இந்த வகைப் பாத்திரங்களையே தூக்கிட்டுப் புதுசா யோசிக்கணுமா, இல்ல இருக்கிறதை வெச்சே சரிபண்ண வழி இருக்கா?


ஆர்மோனியம் (தேவிபட்டினம்):

தம்பி, எதையும் தூக்க வேண்டாம். நம்ம பக்கம் திருவிழாவுல நடக்குற ஸ்பெஷல் நாடகத்தை நினைச்சுப் பாருங்க. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊர், பபூன் வேற எங்கேயோ. ஒத்திகை கிடையாது. கொட்டகைக்குப் பின்னாடி முகத்துக்குப் பவுடர் பூசும்போதுதான் பாதிப்பேர் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிறதே. அப்படியும் ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடியிற வரைக்கும் நாடகம் நடக்குது. தன் பார்ட் என்ன செய்யணும்னு நடிகருக்கும் தெரியும், எதிர்ல உக்காந்திருக்கிற ஜனத்துக்கும் தெரியும். வகைப் பாத்திரம்னா இதுதான்: பார்க்கிறவங்களோட முன்கூட்டியே பேசி முடிச்ச ஒப்பந்தம்.

வள்ளி திருமணத்துல முருகன் வள்ளியைக் கட்டப்போறது தெரியாத ஆள் அந்த மணல்ல ஒருத்தர்கூட இல்லை. அப்புறம் ஏன் ரெண்டு மணிக்கும் முழிச்சிருக்காங்க? நாரதரும் வள்ளியும் பண்ற தர்க்கத்துக்காக. இவர் ஒண்ணு கேட்பார், அவ மடக்குவா, அவர் வேற பக்கமா வருவார். முடிவு தெரிஞ்ச கதையில சுவை அங்கதான் இருக்கு.

உங்க குரு செத்தது குத்தம் இல்லை, அவர்கூட யாரும் தர்க்கம் பண்ணலைங்கிறதுதான் குத்தம். ஒரு சோதனை சொல்றேன். குரு வர்ற காட்சி எல்லாத்தையும் தனியா எடுத்து வெச்சு, நாயகன் பேசுற வரியில கேள்வி எத்தனை, மறுப்பு எத்தனைன்னு பென்சில்ல குறி போடுங்க. "அது என்ன?" "எப்படி?"ன்னு கேள்வியாவே இருந்தா அது வகுப்பறை. ஒரு காட்சிக்கு ஒரு மறுப்பாவது வேணும், அதுல ரெண்டு மூணு தடவையாவது பையன் சொன்னது சரியாவும் குரு சொன்னது தப்பாவும் போகணும்.

இன்னொண்ணு. ரஷ்ய நாட்டுப்புறக் கதைகளைப் பிரிச்சுப் பார்த்த விளாதிமிர் ப்ராப், 1928ல எழுதின நூல்ல 31 செயல்களையும் 7 பாத்திர வட்டங்களையும் சொல்றார். வட்டம்னா வில்லன், உதவுறவன்னு ஒரு வகைப் பாத்திரம் கதையில செய்யுற வேலைகளோட தொகுப்பு. அதுல எழுத்தாளனுக்கு உதவுற இடம்: வட்டம் வேற, ஆள் வேற. ஒரே ஆள் ரெண்டு வட்டத்துல நிற்கலாம், ஒரு வட்டத்தை மூணு பேர் பங்கு போட்டுக்கலாம். உங்க குரு மூணு வேலை பார்க்கிறார்: பழைய கதை சொல்றார், வாளைக் கொடுக்கிறார், பையனை வீட்டை விட்டுக் கிளப்புறார். மூணும் 15க்குள்ள முடிஞ்சுடுது. வேலை முடிஞ்ச ஆளை என்ன பண்றதுன்னு தெரியாமத்தான் கொன்னிருக்கீங்க. பிரிச்சுக் கொடுங்க. வாள் ஒரு கடன்காரன் கையில இருக்கட்டும், கிளப்புறது அம்மாவா இருக்கட்டும், கதை மட்டும் கிழவர்கிட்ட இருக்கட்டும், அதையும் பாதி தப்பாச் சொல்லட்டும்.

மச்சம் பத்தி ஒரு வார்த்தை. தண்டியலங்காரம் பெருங்காப்பியத்துக்குக் கேட்கிறது 'தன்னிகர் இல்லாத் தலைவன்'. மிகுபுனைவு கேட்கிறது ஊர்பேர் தெரியாத பையன். ரெண்டையும் சமாளிக்க எல்லாரும் பிடிக்கிற குறுக்குவழி, குடிசையில வளர்ற இளவரசன். மச்சம் அதுக்குத்தான் வருது. அதை எடுத்துட்டு, அவன் கையில ஒரு தொழிலைக் கொடுங்க.


வகுதைக்காரன் (கீழக்கரை):

ஆர்மோனியம் அண்ணன் ஆளைச் சொல்லிட்டார். நான் கடலைச் சொல்றேன், ஏன்னா உங்க களத்துலயே பாதி விடை கிடக்கு, நீங்க அதைப் படமா மட்டும் வெச்சிருக்கீங்க.

ராமேஸ்வரம் தீவுல பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல்னும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல்னும் சொல்லுவாங்க. கச்சான் காலத்துல தென்மேற்குக் காத்து அடிக்கும்போது ஆண்கடல் கொந்தளிக்கும், பெண்கடல் குளமாக் கிடக்கும். வாடைக் காலத்துல அப்படியே தலைகீழ். அதனால தொழில் பண்றவங்க பருவத்துக்குப் பருவம் கரை மாறுவாங்க. இதை உங்க நாட்டுச் சட்டமா எழுதுங்க: ஆறு மாசம் ஒரு கடல் திறந்திருக்கும், ஆறு மாசம் மூடியிருக்கும். தேதி சொல்லாமலே தவணை வந்துடும். படை எப்ப வரலாம், தூது எப்ப போகலாம், யார் எந்தப் பக்கம் மாட்டிக்குவான்னு எல்லாமே காத்து முடிவு பண்ணும்.

குருவையும் இதுலயே காப்பாத்தலாம். அவரை ஆண்கடல் தெரிஞ்ச தண்டலா, அதாவது படகுத் தலைவரா வையுங்க. அங்க அவர் ராஜா. காத்து மாறி, கதை பெண்கடலுக்குப் போனதும் அவருக்கு நீரோட்டம் தெரியாது, திட்டு தெரியாது, தப்பு வழி காட்டிப் படகைத் தரைதட்ட வைப்பார். சாகாமலே கதையை விட்டு ஒதுங்கிடுவார். அஞ்சாம் பாகத்துல காத்து திரும்பும்போது அவரும் திரும்பி வரலாம்.

இப்ப மந்திரம். முத்துக்குளிப்புல சுறாவை மந்திரத்தால கட்டுறதுக்குன்னே ஆட்கள் இருந்தாங்க, கடல்கட்டின்னு பேர். 13ஆம் நூற்றாண்டுக் கடைசியில இந்தக் கடல் வழியாப் போன மார்கோ போலோ இவங்களைப் பத்திச் சொல்லிருக்கார். எடுக்கிற முத்துல ராஜாவுக்குப் பத்துல ஒரு பங்கு, மீனைக் கட்டுறவருக்கு இருபதுல ஒரு பங்கு. கட்டு பகலுக்கு மட்டும்தான். சாயங்காலம் அவிழ்த்து விட்டுடுவாங்க, ராத்திரி எவனும் திருட்டுத்தனமா முழுகக் கூடாதுன்னு.

இதுல எவ்வளவு இருக்கு பாருங்க. யார் செய்யலாம்னு இருக்கு, கூலி இருக்கு, நேரம் இருக்கு, அவிழ்க்கிறதுக்கும் காரணம் இருக்கு. அந்த அவிழ்ப்பே ஒரு காவல். மந்திரம் மந்திரவாதிக்கு மட்டும் இல்லாம வரி வாங்குறவனுக்கும் வேலை செய்யுது. உங்க வரைவுல மந்திரம் வர்ற ஒவ்வொரு இடத்துலயும் ஓரத்துல மூணு கேள்வி எழுதுங்க: யார் கூலி கொடுத்தா? எப்ப தீரும்? தீர்ந்தா யாருக்கு லாபம்? மூணுக்கும் பதில் இல்லாத இடத்துல மந்திரத்தை எடுத்துட்டு ஆளை வெச்சே சமாளிங்க.

வரம்பு வைக்கவும் நம்ம கரையிலேயே மாதிரி இருக்கு. தனுஷ்கோடி மணல்ல கையால ஊத்து தோண்டுவாங்க. ரெண்டு பக்கமும் கடல், நடுவுல சில அடியில நல்ல தண்ணி. மழைத் தண்ணி உப்புத் தண்ணியை விட லேசு, அதனால மேல மிதக்குது. பேராசைப்பட்டு ஆழமாத் தோண்டினாலோ ஒரேடியா இறைச்சாலோ உப்பு ஏறிடும், அப்புறம் அந்தக் குழி ஆகாது. மந்திரத்தையும் அப்படி வையுங்க. கொஞ்சமா எடுத்தா தித்திக்கும், அள்ளினா கெடும், கெட்ட இடம் மறுமழை வரைக்கும் கெட்டதுதான்.

இருட்டு அரசனுக்கும் இந்தத் தண்ணியே போதும். ஊருணியைத் தூர்வாரி, கரை கட்டி, காவல் போட்டவன் அவன். அவன் இல்லாட்டி பாதி ஊர் தவிச்சுச் செத்திருக்கும். குடம் ஒண்ணுக்கு அவன் கேட்கிற விலைதான் அநியாயம். ஜனத்துல பாதி அவன் பக்கம் நிற்கும், அந்தப் பாதியில நாயகனோட மாமனும் இருப்பான்.

பயண நேரத்தையும் சரிபாருங்க. தனுஷ்கோடி நுனி அரிச்சல்முனையில இருந்து இலங்கையோட தலைமன்னார் சுமார் 30 கி.மீ. பாய்மரத்துக்கு நல்ல காத்துல மணிக்கு 7 கி.மீ. வெச்சாலும் நாலு மணி நேரத்துக்கு மேல. மணல்ல நடக்கிறவனுக்கு மணிக்கு 3 கி.மீ.க்கு மேல போடாதீங்க. வரைபடத்துல அளவுகோல் போட்டுட்டா, அப்புறம் படிக்கிறவன் ஸ்கேல் எடுத்து அளப்பான்.


பாம்பன் பாலத்தடி:

ஒன்பது பார்வைங்கிறதை யாரும் தொடலையே. 42 அத்தியாயத்தை ஒன்பது பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு அஞ்சுகூட வராது. சுழற்சியில போனா ஒருத்தரை விட்டு எட்டு அத்தியாயம் கழிச்சுத்தான் திரும்பப் பார்ப்போம், அதுக்குள்ள மறந்துடும். முதல் பாகத்துக்கு நாலு பேர் போதும்: 14, 11, 10, 7. மத்த அஞ்சு பேரும் அந்த நாலு பேர் கண்ணுல படட்டும். அவங்கள்ல யாரைப் பத்தி அதிகமாக் கேள்வி வருதோ அவங்களுக்கு ரெண்டாம் பாகத்துல பார்வை கொடுங்க.

அடுத்தது தமிழ்ல எழுதுறவங்களுக்கு மட்டுமே வர்ற சிக்கல்: அவன், அவர். கதைசொல்லி குருவை 'அவர்'னும் வில்லனை 'அவன்'னும் சொன்னா, முதல் வரியிலேயே யார் யார்னு சொல்லிட்டீங்க. நல்லவனா நடிக்கிற அமைச்சரை 29 அத்தியாயம் 'அவர்'னு எழுதிட்டு 30ல 'அவன்'னு மாத்தினா வேஷத்தை நீங்களே கலைக்கிறீங்க. மரியாதை விகுதி கதைசொல்லியோடதா இருக்கக் கூடாது, அந்த அத்தியாயத்துல யார் பார்க்கிறாங்களோ அவங்களோடதா இருக்கணும். அதே அமைச்சர் மருமகன் அத்தியாயத்துல 'வந்தார்', பங்காளி அத்தியாயத்துல 'வந்தான்', வேலைக்காரி அத்தியாயத்துல 'ஐயா வந்தாங்க'. ஒரு கட்டம் போட்டு வெச்சுக்கோங்க: இடது ஓரத்துல பார்க்கிறவங்க, மேல் வரிசையில பார்க்கப்படுறவங்க, சந்திக்கிற இடத்துல விகுதி. அப்புறம் மருமகன் வாயில ஒரே ஒரு இடத்துல 'வந்தான்' விழட்டும். அந்த ஒரு எழுத்து ரெண்டு பக்க வசனத்தோட வேலையைப் பார்க்கும்.

பேர் வைக்கும்போது முக்கியமானவங்களுக்கு ஒரு மெய்வரிசைக்கு ஒருத்தர். மாறன், முத்தரசி, மேகலை, மூப்பன்னு நாலு பேர் இருந்தா வேகமாப் படிக்கிற கண்ணுக்கு எல்லாம் 'ம'தான்.

ஆருடத்துக்கு நம்ம கதைகள்ல வரம்னு ஒரு நல்ல வடிவம் இருக்கு. இரணியனுக்கு உள்ளேயும் இல்லை வெளியேயும் இல்லை, பகலும் இல்லை இரவும் இல்லை. பலன் என்னன்னு சொல்லாம, எதெல்லாம் நடக்காதுன்னு அடைச்சுக்கிட்டே வரும். படிக்கிறவன் ஓட்டை எங்கேன்னு தேடிக்கிட்டே கூட வருவான். ஆருடம்னா 'நீ ஜெயிப்பே'ன்னு முடிவைத்தான் சொல்லும், தேட ஒண்ணும் மிச்சம் இருக்காது. உங்க ஆருடத்தை வரமா மாத்தி வில்லன் கையில கொடுத்துடுங்க. ஓட்டை ஒண்ணே ஒண்ணு இருக்கட்டும், அதை முதல் பாகத்துலயே சும்மா ஒரு வரியில காட்டிட்டுப் போயிடுங்க.


சுக்கான் (மண்டபம்):

ஆர்மோனியம் அண்ணே, கீழக்கரைக் காக்கா, பாம்பன் அக்கா, மூணு பேருக்கும் நன்றி. விகுதிக் கட்டம் இன்னைக்கே போடுறேன். நாயகனை முத்துக்குளிக்கிறவனா மாத்துறேன். தோழன் மட்டும் பாக்கி. அவன் காட்டிக்கொடுக்கப் போறான்னு முதல் பாகத்துலயே வாசனை வருது. ஒளிச்சு வைக்கிறது எப்படி?


வகுதைக்காரன் (கீழக்கரை):

ஒளிக்காதீங்க தம்பி. கஷ்டமாக்குங்க.

அந்தக் காலத்துல முத்துக்குளிப்பு எப்படி நடந்துச்சுன்னு பாருங்க. ஒரு படகுல பத்துப் பேர் முழுகுறவங்க, ரெண்டு ரெண்டு பேரா முறை மாத்தி அஞ்சு கல்லுல இறங்குவாங்க. கல்லுல கால் வெச்சு இறங்கித் தரை தொட்டதும் மேல இருக்கிறவன் கல்லை இழுத்துக்குவான். கீழ இருக்கிறவனுக்கு மிச்சம் சுமார் ஒரு நிமிஷ மூச்சு. கூடையில சிப்பியை வாரிப் போட்டுட்டுக் கயித்தைச் சுண்டுவான், மேல இருந்து தூக்கணும். தூக்குறவன் கொட்டாவி விட்டாலும் ஆள் போச்சு. அதனாலதான் கயிறு பிடிக்க மச்சானைத்தான் வைப்பாங்கன்னு சொல்றது. முழுகுறவன் செத்தா தாலி அறுக்கிறது கயிறு பிடிக்கிறவனோட கூடப்பிறந்தவ.

உங்க தோழனை நாயகனோட பெண்டாட்டிக்கு அண்ணனாக்குங்க. முதல் பாகத்துல கயித்தை அவன் பிடிக்கிற காட்சி மூணு வரட்டும், மூணுலயும் சரியா இழுக்கட்டும். ரெண்டாவது தடவை மட்டும் ஒரு நொடி தாமதம், கை வழுக்கிடுச்சும்பான். படிக்கிறவனுக்குச் சந்தேகம் வரும், வரட்டும். தங்கச்சி தாலியை விடப் பெருசா எதை அவன் கண்ணுல காட்டினா கை தளரும்னு அந்தக் கேள்வியோட ரெண்டு பாகமும் கூட வருவான்.


ஆர்மோனியம் (தேவிபட்டினம்):

காக்கா சொன்ன அந்த ரெண்டாவது கயிறு இழுப்பை மச்சான் பார்வையில எழுதிடாதீங்க. கீழ இருக்கிறவன் பார்வையில எழுதுங்க. சுண்டியாச்சு, கயிறு தொய்வாவே இருக்கு.