நான்கு முள், நான்கு அல்லி, காய் இல்லை: காரையா, சங்கஞ்செடியா?

கேள்வி
ராமநாதபுரம் கடலோரப் புதர். எதிரிலை, கணுவுக்கு நான்கு நேர்முள், வெளிர்பச்சையில் சிறு பூ, அல்லி இதழ் நான்கும் தனித்தனி. கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூலில் உள்ள திறவுகோலில் (செடியை இனங்காணும் படிநிலைப் பட்டியல்) அல்லி இணையாத பிரிவில் தேடினால் எந்தக் குடும்பத்திலும் உட்காரவில்லை. சிலர் காரை என்கிறார்கள், சிலர் சங்கஞ்செடி என்கிறார்கள். செடி நிறையப் பூ, ஒரு காய்கூட இல்லை.

பதில் 1
காரையில் முள் கணுவுக்கு இரண்டுதான். சங்கஞ்செடியில் ஒவ்வோர் இலைக்கக்கத்திலும் இரண்டு வரை வரும். எதிரிலை என்பதால் நான்காகிறது. ஆனால் முள்ளை மட்டும் நம்பாதீர்கள், ஒடிந்துபோகும். நுனியிலிருந்து இரண்டாம், மூன்றாம் கணுவில் காம்புகளுக்கு இடையே முக்கோண இலையடிச் செதில் தெரிந்தால் ரூபியேசி, அதாவது காரையின் குடும்பம். முற்றிய கிளையில் அது உதிர்ந்திருக்கும். அங்கே பார்த்து ஏமாறுபவர்கள் அதிகம். ஒடித்தால் பால் வடிந்தால் இரண்டுமல்ல, களா.

அடுத்து, பூவை பிளேடால் நெடுக்காகப் பிளந்து 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். காரைக்கு அல்லி குழலாக இணைந்து, சூற்பை புல்லிக்கு (பூவின் வெளி வட்டம்) கீழே இருக்கும். சங்கஞ்செடிக்கு மேல்மட்டச் சூற்பை.

பதில் 2
திறவுகோல் சிக்கலுக்குக் காரணம் வேறு. கேம்பிள் பின்பற்றுவது பெந்தம்–ஹூக்கர் என்ற பழைய வகைப்பாட்டு முறை. அதில் சங்கஞ்செடியின் குடும்பமான சால்வடோரேசி, மல்லிகைக் குடும்பத்தை அடுத்து, அல்லி இணைந்த பிரிவில் இருக்கிறது. அதே குடும்பத்து உகாய்க்கு (சால்வடோரா) அது சரி, அல்லி அடியில் இணைந்திருக்கும். அசிமாவுக்கு, அதாவது சங்கஞ்செடிக்கு, அல்லி தனித்தனி. அதனால் கண்ணால் பார்த்ததை நம்பிப் போனவர் வழிதவறுவார். மரபணு அடிப்படையிலான இன்றைய ஏபிஜி முறையில் இந்தக் குடும்பம் கடுகு, முருங்கை, பப்பாளியோடு பிராசிகேல்ஸ் வரிசையில். மூன்றே பேரினம்: அசிமா, டொபெரா, சால்வடோரா.

கேட்டவர்
செதில் இல்லை, பாலும் இல்லை. பூவில் நான்கு மகரந்தத்தாள், அல்லிகளுக்கு இடைப்பட்டு, வெளியே நீண்டு நிற்கின்றன. நடுவில் சிறு முனை மட்டும், அறையோ சூலோ இல்லை.

பதில் 1
சங்கஞ்செடிதான் (அசிமா டெட்ராகாந்தா), ஆண் செடி. அந்த முனை வளராத சூலகம். ஆண், பெண் தனிச்செடி என்பதால் இதில் காய் வரவே வராது. உரமோ தண்ணீரோ காரணமில்லை. பக்கத்துப் புதர்களில் பெண்ணைத் தேடுங்கள்: மகரந்தத்தாள் மலடாக இருக்கும், சூற்பையில் இரண்டு அறை. கனி வெள்ளை உருண்டை, உள்ளே ஒன்றிரண்டு விதை.

உலர்தாவரத் தாளுக்கு (அழுத்தி உலர்த்திய மாதிரி ஒட்டும் தாள்) ஆண், பெண் இரண்டையும் தனித்தனி எண்ணில் சேகரியுங்கள். அழுத்துமுன் செடியின் மேல் பலகையை வைத்து மிதித்துவிடுங்கள், இல்லாவிட்டால் முள் தாளைக் கிழிக்கும்.