வேலைய விட்டுட்டு ஒரு வருஷம் தெருக்கூத்து பயிற்சிக்குப் போகலாமா?

கடைசி_பெஞ்ச்:
பி.காம் முடிச்சி ரெண்டு வருஷமா சென்னைல அக்கவுண்ட்ஸ் வேலை. செய்யாறு பக்கம் கூத்து சொல்லித்தர்ற ஒரு கலை அமைப்புல ஒரு வருஷம் ட்ரெய்னியா எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க, தங்கறது சாப்பாடு போக மாசம் 6,000 ரூபா தருவாங்களாம். வீட்ல அம்மா ஒரே அழுகை, அப்பா பேசறதே இல்ல. சின்ன வயசுல திரௌபதி அம்மன் கோயில்ல விடிய விடிய உக்காந்து பாத்ததோட சரி, எனக்கு ஒரு அடவு, அதாவது ஆட்ட ஸ்டெப், கூட தெரியாது. ஒரு வருஷத்துல என்னதான் கத்துக்க முடியும்?

பின்பாட்டு:
தம்பி, நானும் இதே மாதிரி ஒரு எடத்துல ஒரு வருஷம் இருந்தேன். காலைல அஞ்சு மணிக்கு அடவு, அதுக்கப்புறம் ஸ்கூல் ஸ்கூலா ஒர்க்‌ஷாப், ஜமுக்காளம் தூக்கறது மைக் ஒயர் சுத்தறதுன்னு பாதி நாள் போயிடும். நீ அக்கவுண்ட்ஸ்னு தெரிஞ்சா பில்லு ஒட்டறதும் கணக்கு முடிக்கறதும் உன் தலைலதான் விழும், இப்பவே பேசிக்கோ. எனக்கு வேஷமே அஞ்சாவது மாசந்தான், அதுவரைக்கும் திரை புடிச்சேன். சும்மா சொல்லல, அங்கதான் கத்துக்கிட்டேன். திரைக்குப் பின்னாடி நின்னு வேஷக்காரர் விருத்தம் பாடறப்ப எங்க மூச்சு எடுக்கறாரு, மிருதங்கம் எந்த எடத்துல அவருக்காக நிக்குதுன்னு ஒரு முழம் தூரத்துல பாக்கலாம். கட்டை, அதாவது வேஷக்காரர் மாட்டிக்கற மர அணிகலன், அத கட்டவும் பழகிக்கோ. கல்யாண முருங்கை மரம்தான், வெயிட் இல்ல, ஆனா கயிறு லேசா இருந்தா கிறுக்கி அடிச்சி வேகமா சுத்தறப்ப கழண்டுடும், ரொம்ப இறுக்கினா பாட மூச்சு வராது. ஒரு கர்ண மோட்சம் கூத்துல நான் கட்டின புஜக்கட்டை தொங்கிப்போச்சு, அன்னிக்கு வாத்தியார் திட்டினது இன்னும் காதுல இருக்கு.

மஞ்சள்_அரிதாரம்:
அண்ணே சொன்னது கரெக்ட், ஆனா அந்த 6,000 விஷயத்த யாரும் பேசலயே. நான் போன எடத்துல மூணு மாசம் காசே வரல, ஃபண்டு வரட்டும்னாங்க. எந்த தேதில தருவாங்க, வெளி ப்ரோக்ராம்ல பங்கு உண்டா, எழுதி வாங்குங்க. பொண்ணுங்க யாராச்சும் இத படிச்சா, ராத்திரி கூத்து முடிஞ்சி எங்க படுக்கறது, பாத்ரூம் எங்கன்னு மொதல்லயே கேளுங்க, கூச்சப்படாதீங்க. ஆம்பளங்களே பொம்பள வேஷம் கட்டின கலை இது, 1990ல ஆரம்பிச்ச கட்டைக்கூத்து சங்கம் பொண்ணுங்களுக்கும் சொல்லிக் குடுத்துச்சி, ஆனா எல்லா ஜமாவும் (கூத்துக் குழுவும்) அப்படி இல்ல.

விடியக்காலை:
செய்யாறு பக்கம் புரிசை கிராமத்துல கண்ணப்பத் தம்பிரான் மாதிரி பெரிய கூத்து வாத்தியாருங்க பரம்பரையா கத்துக்கிட்டது, ஒரு வருஷத்துல ஆடிடலாம்னு நெனச்சா முட்டாள்தனம். கதைய நடத்தி சிரிக்க வைக்கற கட்டியக்காரன் வேஷம் மட்டும் பன்னெண்டு மாசத்துல வரவே வராது, சபைய பாத்து அந்தந்த ஊர் நக்கல எடுத்து வுடணும். தாளம் வரும், நாலஞ்சு அடவு வரும், பின்பாட்டு பாட வரும். அது போதும்னா போ.

கடைசி_பெஞ்ச்:
ரொம்ப தேங்க்ஸ். தைல சேரவா சித்திரைல சேரவான்னு கேக்கறாங்க, எது பெட்டர்?

பின்பாட்டு:
தையிலயே போயிடு. பங்குனி பொறந்தா ஆடி முடியற வரைக்கும் ஊர் ஊரா மகாபாரதக் கதைய ஆடற பாரதக் கூத்து, சொல்லித்தர யாருக்கும் நேரம் இருக்காது, பகல்ல எல்லாரும் தூங்குவாங்க. பெட்ஷீட் ரெண்டா எடுத்துக்கோ, ஒண்ணு வண்டிலயே கெடக்கட்டும்.