இரவு வாசிப்புக்கு எது ஏற்றது: மின்வாசிப்பானா, டேப்லட்டா, அச்சு நூலா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். இரவில் இரண்டு மணி நேரமாவது படிக்கும் வழக்கம் உடையவன் நான். இப்போது டேப்லட்டில் படிக்கிறேன். ஒரு மணி நேரத்திற்குள் கண் எரியத் தொடங்குகிறது, இடையிடையே வரும் அறிவிப்புகளும் கவனத்தைக் கலைக்கின்றன. நாவல்களோடு, ஸ்கேன் செய்த பழைய உரைநூல்களும் பிடிஎஃப் வடிவில் நிறைய வைத்திருக்கிறேன். மின்னூல் படிப்பதற்கென்றே உள்ள மின்வாசிப்பான் வாங்கலாமா, அச்சு நூலுக்கே திரும்பிவிடலாமா?

மறுமொழி 1:
ஐயா, கருவியைத் தேர்வதற்கு முன் கோப்பின் தன்மையைப் பாருங்கள். நாவல்கள் ஈபப் வடிவில் (எழுத்தைப் பெரிதாக்கினாலும் வரிகள் திரைக்கேற்ப மடங்கும் மின்னூல் வடிவம்) கிடைத்தால் மின்வாசிப்பானே போதும். அதன் திரையில் நுண்ணிய கருப்பு, வெள்ளைத் துகள்கள் மின்னூட்டத்தால் மேலும் கீழும் நகர்ந்து எழுத்தாகின்றன. பக்கம் மாறும்போது மட்டுமே திரைக்கு மின்சாரம் தேவைப்படுவதால், ஒருமுறை சார்ஜ் செய்தால் வாரக்கணக்கில் தாங்குகிறது. டேப்லட்டைப் போல ஒளி பின்னாலிருந்து கண்ணை நோக்கி வராமல், ஓரத்திலிருந்து திரையின் மீது விழுகிறது. எனக்கு இந்த மாற்றமே பெரிய நிம்மதியாக இருந்தது.

உரைநூல்கள்தாம் சிக்கல். ஆறு அங்குலத் திரை (மூலைக்கு மூலை அளந்தால் ஆறு அங்குலம்) சுமார் 9 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம் கொண்டது, டெமி எனப்படும் அச்சு அளவிலுள்ள நூலின் பக்கமோ ஏறத்தாழ 14 செ.மீ. அகலம், 21 செ.மீ. உயரம் கொண்டது. ஸ்கேன் செய்த பக்கம் வெறும் படம் என்பதால், எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடும்; பெரிதாக்காவிட்டால் அடிக்குறிப்பைப் படிக்கவே முடியாது. அந்தத் திரை அளவுக்கு ஒரு காகிதத்தை வெட்டி, நூலின் பக்கத்தின் மேல் வைத்துப் பாருங்கள்.

மறுமொழி 2:
மூலத்தையும் உரையையும் மாறி மாறிப் புரட்ட வேண்டிய நூலுக்கு அச்சுக்கு ஈடில்லை என்பதே என் உறுதியான கருத்து. இடது கை விரல் ஒரு பக்கத்தில் செருகியிருக்க, வலது கை பின்னிணைப்பைத் தேடும் வசதியை எந்தத் திரையும் எனக்குத் தரவில்லை. இன்னொன்று: விலை கொடுத்து வாங்கும் மின்னூல் பெரும்பாலும் படிக்கும் உரிமம் மட்டுமே. 2009-ஆம் ஆண்டில் அமேசான், விற்ற சில நூல்களை வாசகர்களின் கிண்டில் மின்வாசிப்பான்களிலிருந்து தானாகவே நீக்கியது. பின்னர் வருத்தம் தெரிவித்தது. வாழ்நாள் முழுவதும் கூடவே வைத்திருக்க விரும்பும் நூலை நான் அச்சிலேயே வாங்குகிறேன்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. காகிதத்தை வெட்டி வைத்துப் பார்த்தேன். பக்கத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மறைந்தது. நாவல்களுக்கு ஆறு அங்குல மின்வாசிப்பானை வாங்கிக்கொள்கிறேன். அடிக்கடி எடுக்கும் இரண்டு உரைநூல்களை அச்சில் தேடப்போகிறேன். மற்ற பிடிஎஃப் கோப்புகளை, அறிவிப்புகளை நிறுத்திவிட்டு, பகல் வெளிச்சத்தில் டேப்லட்டிலேயே பார்த்துக்கொள்கிறேன்.